நான் கொலைகாரியாக்கிய பெண்

கத்தி, விஷம், கிணறு, தூக்குக் கயிறு என்று விதவிதமாக ஆட்களைக் கொன்று பிழைத்தவன் நான். திகில் கதை எழுத வந்திருக்கும் இளையவர்கள் என்னைப் பார்க்க வந்தால் முதலில் கேட்பது, "சார், நீங்க பேயை நம்புறீங்களா?" என்றுதான். அது இருக்கட்டும். கதைக்காக நான் கொன்றவர்கள் ஒருவரும் என்னிடம் நியாயம் கேட்டு வந்ததில்லை. ஏற்கெனவே செத்துப்போன ஒருத்தியை நான் கொலைகாரியாக்கினேன். அதற்குத்தான் என் வாசலுக்கு ஆள் வந்தது. நீங்கள் கேட்காத அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன், ஒரு கதவின் நிறம் உட்பட.

எழுபதுகளில் நான் ஆரணியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா. விடியலில் எழுந்து ஆபீஸ் நேரம் வரை எழுதுவேன். சென்னையில் ஒரு வாரப் பத்திரிகை என் தொடர்கதைகளை வெளியிட்டு வந்தது. என் சரக்கு முழுக்கச் சுற்றுவட்டாரச் சரித்திரம்தான். போளூர் பக்கத்துத் திருமலைக்குப் போய்ச் சமணர் குகையில் அரை நாள் உட்கார்ந்துவிட்டு வந்து ஒரு கதை எழுதினேன். படவேட்டில் கோயில்கள் மண்மூடிக் கிடக்கின்றன என்று கேள்விப்பட்டு, அதற்குள் ஒரு புதையலையும் காவலுக்கு ஒரு பூதத்தையும் வைத்து இன்னொன்று எழுதினேன். அது வெளிவந்த பிறகு ஒருநாள் படவேடு பஸ்ஸில் கடப்பாரையோடு ஏறிய ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "சார், எந்தக் கோயிலாண்டன்னு கொஞ்சம் கரெக்டா சொல்லிடுங்க" என்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். படிப்பவர்கள் நம்பிவிடுகிறார்கள் என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, தலைக்கனம்தான் ஏறியது.

அந்தத் தலைக்கனத்தோடு ஒருநாள் சேவூர் டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி ஜன்னல் வழியே கையைக் காட்டினாள்.

"அந்தப் பச்சைக் கதவு வூடு தெரியுதா? அவங்க பூவாடைக்காரி ரொம்ப உக்ரமாம். மொதல்ல அவளுக்குப் புடவை வச்சி, இலை போட்டாத்தான் அந்த வூட்ல கல்யாணமே நடக்குமாம்."

எங்கள் பக்கத்தில் இது பல குடும்பங்களில் உள்ள வழக்கம். வீட்டில் அகாலமாக இறந்துபோன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். கல்யாணத்துக்கு முன் ஒருநாள் புதுப் புடவையும் பூவும் வைத்து, இலை போட்டுப் பரிமாறி, அவளுக்குப் படைப்பார்கள். எனக்கு இதெல்லாம் தெரிந்த விஷயம். 'உக்ரம்' என்ற சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். பச்சைக் கதவு, ஒரு பக்கம் வெட்டிவிட்ட வேப்பமரம், பக்கத்தில் பாறாங்கல் போட்டு மூடிய கிணறு. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே தறி ஓடும் சத்தம் கேட்டது. போய் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். நிஜம் தெரிந்துவிட்டால் கற்பனை சுருங்கிவிடும் என்று அப்போது ஒரு சித்தாந்தம் வைத்திருந்தேன், அதை இரண்டு மூன்று மேடைகளில் பேசிக் கைதட்டலும் வாங்கியிருந்தேன். அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

பன்னிரண்டு வாரத் தொடர். ஊர்ப்பெயரை மாற்றினேன். கதவு, மரம், கிணறு மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டேன். என் கதையில் மாமியார் வீட்டார் அவளைக் கிணற்றில் தள்ளிக் கொன்றிருந்தார்கள். அந்த வீட்டில் கல்யாணம் என்றால் அவள் எழுந்து வருவாள். எட்டாவது வாரம் பூசாரியைக் கொன்றாள். ஒன்பதாவது வாரம், அவளுக்குப் படைத்த புடவையை மணப்பெண் கட்டிக்கொள்கிறாள். மடிப்புப் பிரிந்து, முந்தானை தானாகவே கழுத்தைச் சுற்றுகிறது. அந்த இதழ் வந்த நாளில் ஆரணி டீக்கடைகளில் ஒருவர் படிக்கப் பத்து பேர் கேட்டார்கள். நானும் ஒரு டீயைச் சொல்லிவிட்டு ஓரமாக நின்று கேட்டேன், உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

இரண்டு நாள் கழித்து மதிய இடைவேளையில் இருபது வயதுப் பெண் ஒருத்தி பள்ளி அலுவலகத்துக்கு வந்தாள். கையில் அந்த இதழ்.

"நீங்கதானே சார் இதை எழுதறது?"

ரசிகை என்று நினைத்துவிட்டேன். "ஆமாம்மா. உட்காரு."

"உக்கார வரல சார். அந்தப் பச்சைக் கதவு எங்க வூட்டுக் கதவு."

கஸ்தூரி என்று பெயர் சொன்னாள். அப்பா முருகேசன் தறி நெய்கிறார், இவள் கூடவே நூல் சுற்றுகிறாள். குரலை உயர்த்தாமல்தான் பேசினாள்.

"போளூர்ல மாப்பிள்ளை பாத்து தாம்பூலம் மாத்திட்டாங்க. மாப்பிள்ளையோட அம்மா உங்க கதையை வாரம் தவறாம படிக்கிறவங்க. அது எங்க வூடுதான்னு யாரோ சொல்லிட்டாங்க. இப்போ படையல் வேணாம், அந்தப் புடவையும் வேணாம், அதை வுட்டாத்தான் கல்யாணம்னு சொல்லி அனுப்பிகிறாங்க. எங்கப்பா படையல் இல்லாம கல்யாணமே இல்லன்றாரு. நடுவுல நான் மாட்டிகினு கீறேன்."

"அடுத்த வாரம் ஒரு குறிப்புப் போடச் சொல்றேன்மா. எல்லாம் கற்பனைன்னு."

"அது மொத வாரமே போட்டுகிறீங்க சார். யார் நம்பினாங்க?"

"கிணத்துல கன்னுக்குட்டி வுழுந்துச்சுன்னு எங்கப்பா கல்லு போட்டு மூடினாரு. அதைக்கூட வுட்டுவைக்கலியே நீங்க. எனக்கு மாப்பிள்ளையைப் புடிச்சிருக்கு சார், அதனாலதான் வந்தேன். இல்லன்னா போனா போவுதுன்னு இருந்திருப்பேன். நீங்க போட்ட முடிச்சு இது. நீங்களே அவுத்துடுங்க."

இதழை என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கல்யாணத்துக்கு நாலு வாரம்தான் இருந்தது.

மறுநாளே போளூர் போனேன். எழுதியவனே நேரில் போய்ப் பொய் என்று சொன்னால் விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் அம்மா என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தார். தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்து ஊசிநூலால் தைத்து வைத்திருந்தார். அதை எடுத்துவந்து என்னிடம் காட்டினார்.

"அம்மா, இதெல்லாம் நான் உட்கார்ந்த இடத்துல கட்டினது. அந்த வீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க."

"சரிங்க. ஆனா இவ்ளோ தத்ரூபமா எழுதிகிறீங்களே, ஒண்ணுமே இல்லாமயா எழுதினீங்க? நெருப்பில்லாம புகையுமா?"

"என் தொழிலே அதுதாங்க."

"கிணத்து மேல பாறாங்கல்லு இருக்குதா இல்லியா?"

"இருக்குது. கன்னுக்குட்டி விழுந்துச்சுன்னு மூடினாங்களாம்."

"அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் அவர், என் மேல் பரிதாபப்பட்டு. "புடவை மடிப்பு பிரியற எடத்துல என் கை ஜில்லுனு ஆயிடுச்சுங்க. என் வூட்டுக்கு வர்ற பொண்ணுங்க அது. பயந்துகினே எப்படிக் கூட்டியாருவேன்?"

அவர் கெட்டவர் இல்லை. வரப்போகும் மருமகளுக்காகத்தான் பயந்தார். நான் வாழ்நாளில் வாங்கிய மிகச் சிறந்த பாராட்டு அதுதான், வாங்கிக்கொண்டு தலைகுனிந்து எழுந்து வந்தேன். நன்றாக எழுதிய பொய்யை வாயால் மறுத்துப் பயனில்லை என்பதைப் போளூர் பஸ் நிறுத்தத்தில் நின்றபடி தெரிந்துகொண்டேன். எழுதியதை எழுதித்தான் மாற்ற வேண்டும். ஆனால் எதை எழுதுவது? அந்தப் பெண் யார் என்பதே எனக்குத் தெரியாதே.

அங்கிருந்து நேராகச் சேவூர் போனேன். இந்த முறை பச்சைக் கதவுக்குள் நுழைந்தேன். முருகேசனுக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். தறியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தும் அவர் கை நிற்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன், அதற்கும் தறி நிற்கவில்லை. கடைசியில், பஸ்ஸிலிருந்து இறங்கிய அன்றே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"உங்க பூவாடைக்காரி யாருங்க?"

தறி நின்றது.

"எங்க சித்தி சார். எங்கப்பாவோட தம்பி சம்சாரம், லோகம்மா. வெள்ளைக்காரன் காலத்து யுத்தத்துல நூல் வரல. தறியெல்லாம் சும்மா கெடந்துச்சு. நெசவுக்காரங்களுக்குக் கஞ்சித்தொட்டி வச்சாங்க. தினம் சித்திதான் வரிசையில நின்னு வாங்கியாருவா. எங்க நாலு பசங்களுக்கும் ஊத்துவா. நீ குடிச்சியாடின்னு எங்கம்மா கேட்டா, அங்கியே குடிச்சுட்டேன்க்கான்னுவா."

கஸ்தூரி ராட்டையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தபடி இருந்தாள்.

"ஒருநாள் வரிசையில நின்னுகினு இருந்தவ உக்காந்தா. அப்புறம் எழுந்திருக்கல. தூக்கிகினு வந்தவங்க சொன்னாங்க, இந்தம்மா ஒருநாளும் அங்க குடிச்சதில்ல, வாங்கிகினு நேரா வூட்டுக்குத்தான் போவாங்கன்னு. பட்டு நெய்யற வூடு சார் இது. அவளைத் தூக்கறப்போ மேல போத்த நல்ல புடவை ஒண்ணு இல்ல. அதான் கல்யாணத்துக்கு நெய்யறதுல மொதப் புடவை அவளுக்கு, மொத இலை அவளுக்கு. அவ சாப்பிட்டப்புறம்தான் நாங்க. அவளுக்கு வச்ச புடவையைத்தான் எங்க வூட்டுப் பொண்ணு கட்டிக்கும்."

தறியில் அறுந்திருந்த ஓர் இழையை முடிந்தார்.

"அப்போ எனக்கு ஆறு வயசு. நான் குடிச்சேன் சார்."

நான் கூனிக் குறுகிப் போனேன். திருமலை வரை போய்ச் சரித்திரம் தேடியவன், பஸ் போகும் வழியில் இருந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. தன் பங்கைப் பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டுச் செத்தவளைக் கல்யாணப்பெண்களின் கழுத்தை நெரிக்கவிட்டிருக்கிறேன். என் எழுத்தின் மேல் எனக்கே அருவருப்பு வந்த நாள் அது.

"இதை எழுதட்டுங்களா?" என்று கேட்டேன்.

"எழுதி இன்னாத்துக்கு சார்? இருக்கிற பேஜாரே போதும்."

"எழுதட்டும்ப்பா" என்றாள் கஸ்தூரி. "தப்பா எழுதினதை ஊரே படிச்சுது. சரியா எழுதினா அதையும் படிக்கட்டும்."

முருகேசன் யோசித்தார். "பேரு போடாதீங்க. அச்சுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி எனக்குப் படிச்சுக் காட்டிடணும்."

ஒப்புக்கொண்டேன். ஆனால் பத்தாவது அத்தியாயம் ஏற்கெனவே சென்னைக்குப் போயிருந்தது, அதில் இன்னொரு கொலையும் இருந்தது. மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்ப் பத்திரிகை ஆசிரியர் முன்னால் நின்றேன். அவர் பெயர் வேண்டாம். கறாரானவர், என்னை எழுத்தாளனாக்கியவர். நான் சொன்னதையெல்லாம் நின்றபடியே ப்ரூஃப் திருத்திக்கொண்டு கேட்டார்.

"பேய் நல்லா ஓடிக்கினு இருக்கு சார். நடுவுல கஞ்சியைக் கொண்டாந்து ஊத்தாதீங்க."

"அப்படின்னா தொடரை இத்தோட நிறுத்திடுங்க. பத்தாவது அத்தியாயம் வரக்கூடாது."

"நிறுத்தினா அதுக்கப்புறம் எந்தப் பத்திரிகையும் உங்களைத் தொடாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

அவர் பேனாவை வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தொழிலைப் பற்றித்தான் கேட்டார். "ரெண்டு கொலை நடந்தாச்சு. அவ பண்ணலன்னா யார் பண்ணது?"

"கதையில வர்ற அந்த வீட்டு மூத்தவன், வீட்டுக்கு ஆசைப்படறவன். அவ பேரைச் சொல்லி அவன் பண்றான். கிணத்துல தள்ளினாங்கன்றதும், புடவை தானா சுத்துச்சுன்றதும் அவன் கெளப்பிவிட்டது."

"மத்தவங்க எல்லாம் இது செத்தவ வேலைதான்னு ஏன் நம்பணும்?"

அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது என்பது சொல்லும்போதுதான் எனக்கே தெரிந்தது. "ஏன்னா அவ பங்கை அத்தனை பேரும் குடிச்சிருக்காங்க. செத்தவ எழுந்து வந்து கேட்டா என்ன சொல்றதுன்னு அவங்க மனசுல இருக்கு. மூத்தவனுக்கு அது தெரியும்."

"இது முன்னதைவிட பயமா இருக்குதே" என்றார். "சரி, இங்கியே உக்காந்து ஜல்தியா எழுதுங்க. சாயங்காலம் அச்சுக் கோக்கணும்."

"ஊருக்குப் போய் அவருக்குப் படிச்சுக் காட்டிட்டுத்தான் தர முடியும்."

"பத்திரிகையை நான் நடத்தறேனா, உங்க நெசவுக்காரர் நடத்தறாரா? நாளைக்குக் காலையில பதினொரு மணி. வரலன்னா பழசு போவும்."

இந்த இடத்தை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். அங்கேயே எழுதிக் கொடுத்திருக்கலாம். முருகேசனுக்குப் பிறகு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டு போய், மறுநாள் வர முடியாமல் போனால் பழைய அத்தியாயம் அச்சாகிவிடும், கஸ்தூரியின் கல்யாணம் நின்றுவிடும். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். கேட்காமல் எழுதியதால் வந்த வினையை மறுபடி கேட்காமல் எழுதித் தீர்ப்பதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன். ஆரணி வருவதற்குள் மடியில் அட்டையை வைத்து எழுதி முடித்துவிட்டேன். எழுத்தெல்லாம் கோணல்மாணல்.

விளக்கு வைக்கும் நேரத்தில் முருகேசன் வீட்டில் படித்தேன். ஒரே ஒரு வரியில் கையைக் காட்டி நிறுத்தினார். 'பசி தாங்காமல் அவள் மறைவில் அழுதாள்' என்று எழுதியிருந்தேன். அழகான வரி என்று எனக்கு எண்ணம்.

"அழலீங்க. அதை எடுத்துடுங்க."

"மறைவுலதானே..."

"சிரிச்சுகினுதான் ஊத்துவா. அதனாலதான் யாருக்கும் தெரியல."

அந்த வரியை அடித்துவிட்டு அவர் சொன்னதை எழுதினேன். என் எழுத்திலேயே நல்ல வரி எது என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது அதைத்தான், அது என்னுடையது இல்லை. திகில் எழுத வருகிறவர்கள் பயத்தை எங்கிருந்து எடுப்பது என்று கேட்கிறீர்கள். பயப்படுகிறவர்கள் என்ன செய்துவிட்டுப் பயப்படுகிறார்கள் என்று போய் விசாரியுங்கள். வீட்டுக்குள் போய், உட்கார்ந்து, அவர்கள் வாயால் கேளுங்கள்.

மறுநாள் காஞ்சிபுரம் தாண்டி பஸ் டயர் பஞ்சர். சாலையில் நின்று கையைக் காட்டி, ஒரு காய்கறி லாரியில் தொற்றிக்கொண்டு, பதினொன்று அடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது அச்சகத்துக்குள் நுழைந்தேன். ஆசிரியர் தாள்களை வாங்கி, அச்சுக் கோர்க்கும் கம்பாசிட்டரிடம் கொடுத்தார்.

பத்தாவது அத்தியாயம் வெளிவந்தது, பதினொன்றாவதும் வந்தது. கொலைகாரப் பேயை எதிர்பார்த்தவர்கள் திட்டிக் கடிதம் போட்டார்கள். போளூரிலிருந்து மட்டும் ஒரு தகவலும் இல்லை. போய்ப் பார்க்கலாமா என்று கஸ்தூரியிடம் கேட்டேன். "வேணாம் சார். எழுதினது போதும். அவங்க படிக்கட்டும்" என்றாள். முருகேசன் தன் முடிவில் மாறவில்லை. சம்பந்தி வந்தாலும் வராவிட்டாலும், குறித்த வெள்ளிக்கிழமை படையல் உண்டு என்றார். கடைசி அத்தியாயம் அதற்கு முந்தின நாள் வெளிவந்தது.

படையலுக்குப் பங்காளிகளைத் தவிர யாரையும் கூப்பிடுவது வழக்கமில்லை. என்னை முருகேசன் கூப்பிட்டிருந்தார். மரப்பலகையில் அரக்குச் சிவப்பில் அவர் நெய்த புடவை, மேலே மல்லிகைச் சரம், முன்னால் தலைவாழை இலை. கஸ்தூரியின் அம்மா பரிமாறிக்கொண்டிருந்தார். கஸ்தூரி வாசலைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் பக்கம் திரும்பவே தைரியம் வரவில்லை.

பதினொரு மணி பஸ் போன சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்தார். கையில் ஒரு பந்து பூ. பூவைப் புடவை மேல் வைத்தார், விழுந்து கும்பிட்டார். எழுந்து கஸ்தூரியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு இலையைப் பார்த்தார். வழக்கம்போல ஒரு கரண்டி சோறு வைத்திருந்தார்கள்.

"அவங்களுக்கு இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றார்.

முருகேசன் எழுந்து போய் மனைவியின் கையிலிருந்து கரண்டியை வாங்கினார். அவரே போட்டார்.